கேமராவைத் திருப்பிக்கொண்டவர்

மணிவேலைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சாவுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

குன்னம் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது அவருடைய ஸ்டுடியோ. நடுவில் ஒரு சுவர்தான். இருபது வருடமாக அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் மிஷினை அறைந்தால் அவருக்குக் கேட்கும். ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போலக் காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று எடுத்துக்கொண்டிருந்தவர்தான். அவருடைய சொந்த ஊர், குன்னத்திலிருந்து நாலு கிலோமீட்டர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரிக் காட்டுக்கு நடுவே நூறு வீடு. அவர் அப்பா ராசாங்கம் அடுத்தவர் காட்டில் களைவெட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் தேறும். அப்படிப் போன ஒருவரால் தகப்பன் சாவுக்கு வர முடியவில்லை. வீடியோவாவது எடுத்து வை என்று போனில் அழுதிருக்கிறார். மணிவேல் எடுத்துக்கொடுத்தார். நன்றாகவும் எடுத்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த சாவுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும். இரண்டே வருடத்தில் 'எழவு வீடியோ' என்று பெயர் விழுந்தது. நல்ல காரியத்துக்கு அந்தக் கேமராவை எப்படி உள்ளே விடுவது என்று கூசினார்கள். சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே பெரம்பலூரிலிருந்து வேறு ஆள் வந்தான். மணிவேல் அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் அந்தப் பெரம்பலூர்க்காரனின் கேமரா போகிற பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அவருடைய தொழிலில் ஒரு முறை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அந்த ஊரில் ஆம்பளை செத்தால், பாடை தூக்குவதற்கு முன்னால் பெண்சாதிக்குத் தாலி வாங்குவார்கள், அதாவது கழுத்திலிருந்து கழற்றுவார்கள். பெண்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து, சுற்றிலும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்வார்கள். ஆண்கள் எல்லாரும் மேளக்காரர்களோடு தெருக்கோடிக்குப் போய்விட வேண்டும். மேளம் அங்கே அடி பின்னும். இங்கே வட்டத்துக்குள் வளையலை உடைத்துக்கொண்டே அந்தப் பெண் புருசனைப் பார்த்து அழுவாள். என்ன வேண்டுமானாலும் சொல்லி அழலாம். அவன் செய்தது, செய்யாதது, அடித்தது, அணைத்தது, மாமியார் படுத்தியது, எதுவும் விலக்கில்லை. அங்கே சொன்னது அங்கேயே போய்விட வேண்டும். எழுந்து வந்த பிறகு எந்தப் பெண்ணும் அதை வாயில் எடுக்க மாட்டாள். ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை கிடைக்கிற பேச்சு அது. ஆண்களுக்கு அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று தெரியும், என்ன நடக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

தாலி வாங்க உட்காரும்போது யாராவது ஒரு கிழவி, "மணிவேலு, கேமராவத் திருப்பு" என்று குரல் கொடுப்பாள். மணிவேல் ஸ்டாண்டில் நிற்கிற கேமராவை அப்படியே திருப்பி வேப்பமரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ எதிர்வீட்டுச் சுவரையோ பார்க்க வைத்துவிட்டு, ஆண்களோடு தெருக்கோடிக்குப் போய்விடுவார். நிறுத்த மாட்டார். நிறுத்தினால் வெளிநாட்டில் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிற சொந்தங்கள், லைன் கட்டாகிவிட்டது என்று மாற்றி மாற்றிப் போன் போடுவார்கள். அதனால் நேரலையில் சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவார். அவர்கள் இருபது நிமிடம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கேமராவுக்குள் இருக்கிற கார்டில், பந்தல் காலில் கட்டிய மைக் வழியாகச் சத்தமும் பதிவாகிக்கொண்டேதான் இருக்கும். பிறகு வீட்டுக்காரர்களுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும்போது அந்தப் பகுதியை வெட்டிவிடுவார். வெட்டும்போதும் ஒலியை மூடி வைத்துக்கொண்டுதான் வெட்டுவார். அவ்வளவு சுத்தம்.

வெட்டியதை அழித்திருந்தால் இந்தக் கதை இல்லை. மணிவேலுக்கு ஒரு எண்ணம். "செத்த அன்னிக்கு எடுத்தது தம்பி. அத அழிச்சா அவங்கள இன்னொரு தடவ அனுப்புற மாதிரி இருக்கு" என்பார். வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் 'மரம்' என்று பெயர் வைத்த கோப்பில் போட்டு வைத்திருந்தார். பதினாலு வருடத்தில் அறுபத்து மூன்று துண்டுகள் சேர்ந்திருந்தன.

சிந்து வந்தது ஒரு சாவுக்கு. பெரம்பலூர் பெண், சென்னையில் சினிமாப் படிப்பு, எடிட்டிங். பெரியப்பா மாமனாரின் சாவுக்கு அந்த ஊருக்கு வந்தவள், எல்லாரும் அழுகிற நேரத்தில் ஒரு கேமரா தன்னந்தனியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறாள். மறுவாரம் ஸ்டுடியோவுக்கு வந்து, "அண்ணே, அந்தத் தொட்டி வீடியோவ நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். மணிவேல் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். படித்த பெண்ணோடு தனியாகப் பேச அவருக்குக் கூச்சம்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அதையும் கோப்பில் கிடந்த வேறு சிலதையும் பார்த்தோம். அவர் கேட்டதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒன்றில், திரையில் வேப்பமரம். இலை அசைகிறது. ஒரு ஆடு வந்து நின்று போகிறது. தூரத்தில் மேளம். அதற்கு மேல் ஒரு பெண் குரல். முகம் கிடையாது, பிணம் கிடையாது, மாலை கிடையாது. மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது என் முழங்கை மயிர் நட்டுக்கொண்டது. சிந்து அழுதுவிட்டாள். மணிவேல் பாதியில் எழுந்து வெளியே போய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நாம கேக்கக் கூடாததும்மா" என்றார் திரும்பி வந்து.

"அண்ணே, இதுல யாரு முகமும் இல்ல. நீங்க திருப்பிட்டீங்கல்ல, அதுதான் படமே. இதுமாதிரி உலகத்துல யாரும் எடுத்ததில்ல."

அவர் நாலு நாள் யோசித்தார். பிறகு என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. "முகம் தெரியலன்னா யாருக்கு என்னண்ணே" என்றேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் முகத்துக்கு வெளிச்சம் அடித்தே பிழைத்தவர். ஆளென்றால் முகம், முகம் தெரியாவிட்டால் ஆள் இல்லை. "பேரு வர்ற எடத்த மட்டும் வெட்டிடும்மா" என்று சிந்துவிடம் சொன்னார். அவளும் பெயர்களையெல்லாம் பொறுக்கி வெட்டினாள். பதினோரு துண்டு, முப்பத்து நாலு நிமிடம். 'திருப்பு' என்று தலைப்பு வைத்தாள்.

தனியாட்கள் தங்கள் கைக்காசில் எடுக்கிற படங்களுக்கும், இப்படிப் புதுசாக எதையாவது முயன்று பார்க்கிற படங்களுக்கும் என்றே ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு சர்வதேச விழா, கேரளக் கடற்கரை நகரம் ஒன்றில் நடக்கிறதாம். சிந்து அதற்கு அனுப்பினாள். தேர்வாகிவிட்டது. கடிதத்தை என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தோம். மணிவேல் அதை லேமினேட் செய்யச் சொன்னார். கடிதத்தைப் போய் யாராவது லேமினேட் செய்வார்களா என்று கேலி செய்துகொண்டே செய்துகொடுத்தேன்.

மூன்று பேரும் ரயிலில் போனோம். வாசலில் அவர் கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். அதில் அவர் பெயருக்குக் கீழே 'இயக்குநர்' என்று இருந்தது. அதற்குப் பிறகு நான்கு நாளும் அவர் குளிக்கும்போது மட்டும்தான் அந்த அட்டையைக் கழற்றினார். நான் கிண்டல் செய்யவில்லை. எழவு வீடியோ என்று பன்னிரண்டு வருடம் கூப்பிடப்பட்டவர் கழுத்தில் அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே காட்டிய படங்கள் எங்கள் ரெண்டு பேருக்கும் பிடிபடவில்லை. ஒரு படத்தில் இருபது நிமிடம் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கறுப்புத் திரையில் வெள்ளைக் கீறல்கள் மட்டும் ஓடின. மணிவேல் என் காதில், "தம்பி, மெஷின்ல கோளாறு போலருக்கு. யாரும் சொல்ல மாட்டாங்களா?" என்றார். ஆனால் பல நாட்டு ஆட்கள் அந்தக் குழாயைச் சாமி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவருக்கே அது பழகிவிட்டது. "இவங்க பொறுமையாப் பாக்குறாங்க தம்பி. நம்ம ஊர்ல மொதல்லயே ஓட்டிவுடு ஓட்டிவுடும்பான்" என்றார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் படம் மூன்றாம் நாள் பிற்பகல். முப்பத்து நாலு நிமிடமும் அரங்கில் இருமல்கூட இல்லை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. முடிந்ததும் விளக்கைப் போட்டு அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டார்கள், சிந்து மொழிபெயர்த்தாள். ஏன் திருப்பினீர்கள் என்று ஒருவர் கேட்டார். "அது பாக்கக் கூடாதுங்க" என்றார் மணிவேல். கைதட்டல். கடைசியாக நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்தார். தான் கேட்பது தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியுமா?" என்றார்.

மணிவேல் மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கேமரா திரும்பியிருக்குன்னு தெரியுங்க" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அந்த அம்மா கைதட்டவில்லை. உட்கார்ந்து மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், ரயிலில் திரும்பி வரும்போது அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

விழா முடிந்த பிறகு பத்து நாளைக்குப் படங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். மணிவேல் என் கடைக்கு வந்து போனை நீட்டினார். "இத நம்ம ஊரு குரூப்புல எப்புடிப் போடுறது? நம்ம புள்ளைங்க பாக்கட்டும். எழவு வீடியோன்னானுங்கல்ல." எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தவன் நான்தான். ஊர்ச் சொந்தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நூற்று எண்பது பேர். பாதிப் பேர் வெளிநாட்டில். மேலே கழுத்து அட்டையோடு அவர் போட்டோ, கீழே படத்தின் இணைப்பு. மாலை ஆறு மணிக்குள் கைகூப்பல், பூங்கொத்து என்று வந்து குவிந்தது. ஏழு மணிக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பல நாட்டுக்காரர்களுக்கு அது மரமும் குரலும். ஊர்க்காரர்களுக்கு அப்படியா? திரையில் பார்க்க ஒன்றும் இல்லாததால் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வார்த்தையில் இது இன்னார் என்று தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட குரலுக்குப் பெயர் எதற்கு, முகம் எதற்கு? இவ்வளவு சின்ன விஷயம், மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தோமே, ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வருகிறது.

படத்தில் ஆறாவதாக வந்தது வெற்றிச்செல்வி. மணிவேலுக்குப் பங்காளி முறை அண்ணனின் மனைவி, ஐம்பது வயது. அந்த அண்ணன் இறந்து ஏழு வருடம். ஒரே மகன் தமிழ்மாறன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அப்பா என்றால் அவனுக்கு உயிர். கையில் அப்பா முகத்தைப் பச்சை குத்தியிருக்கிறான். அப்பா அம்மாவை அடிப்பார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பள்ளிக்கூடம் போன பிறகு அடிப்பாராம். அவள் அதை மகனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் பெண்களுக்குத் தெரியும். அவர்களும் அவனிடம் சொன்னதில்லை. சேலை மறைப்புக்குள் உட்கார்ந்து அவள் இப்படி அழுதிருந்தாள்:

"அடிச்ச கை ஓஞ்சிருச்சே
அசையாமக் கெடக்குதே
இனிமேலு என் முதுகு
இருட்டுனதும் தூங்குமய்யா
என்னப் பெத்த அப்பனாட்டம்
இன்னிக்குத்தான் நல்லவன் நீ"

இதைச் சிங்கப்பூரில் ஒரு தங்கும் விடுதிக் கட்டிலில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் காலையில் வெற்றிச்செல்வி ஸ்டுடியோவுக்கு வந்தாள். நானும் எழுந்து போனேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ராத்திரி போன் பண்ணான் தம்பி. அம்மா, அது நீதானான்னு ஒரே வார்த்த கேட்டான். இல்லன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரல. வெச்சுட்டான். காலைலேருந்து கூப்புடுறேன், எடுக்க மாட்டேங்குறான்."

மணிவேல் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனார்.

"நான் அதோடயா நிறுத்துனேன்? நீ இல்லாத வூட்ல வெளக்க எப்புடி ஏத்துவேன், ஒனக்குப் பொறவு எனக்கு யாரு இருக்கான்னு அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் அழுதேன். அத ஏன் போடல? யாரு வெட்டுனது?"

சிந்துதான் வெட்டினாள். பதினேழு நிமிட அழுகையில் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள், மற்ற பத்துக்கும் இடம் வேண்டுமே. அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவளைத் திட்டலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். திட்டுவதற்கு என் வாய்க்கு என்ன யோக்கியதை?

மணிவேல் மேசையைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து அவள் மடியில் வைத்தார். "அண்ணி, எல்லாம் இதுலதான் இருக்கு. நீங்களே ஒடைச்சுடுங்க."

அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இத ஒடைச்சா என் மவன் காதுல போனது வெளிய வருமா?" என்றாள். எழுந்தாள். மடியிலிருந்து அது தரையில் விழுந்தது. விழுந்ததைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சிந்துவுக்குப் போன் செய்தோம். அவள் அழுதுகொண்டே விழாக்காரர்களுக்கு எழுதினாள். அன்றைக்கே படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். ஆனால் அதற்குள் யாரோ அதைப் போனில் பதிவுசெய்து சுற்றவிட்டிருந்தார்கள். மணிவேல் தரையில் விழுந்த டிஸ்கைத் துடைத்து, அந்தப் பதினேழு நிமிடத்தையும் முழுசாக எடுத்து, "மாறா, முழுசாக் கேளுடா, சித்தப்பா கெஞ்சிக் கேக்குறேன்" என்று எழுதித் தமிழ்மாறனுக்கு அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது. இன்று வரை அது இரண்டாகவில்லை. அவன் அந்த எண்ணையே அடைத்துவிட்டான். அவன் கூட்டாளிகள் மூலமாகவும் சொல்லிப் பார்த்தோம். அம்மாவைப் பற்றி என்னிடம் பேசாதே என்றிருக்கிறான். அந்த வருட ஆடிக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை.

ஊரில் யாரும் மணிவேலை அடிக்கவில்லை, பஞ்சாயத்துக் கூட்டவில்லை. பதினோரு பெண்களில் ஒருத்தி மட்டும் வாசலில் வந்து மண்ணைத் தூற்றினாள். மற்றவர்கள் அவர் தெருவில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் வண்டி வருகிற சத்தம் கேட்டதும் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருக்கும். சாவுக்கும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பையன் வந்து எடுக்கிறான். கேமராவைத் திருப்பச் சொல்வதில்லையாம், மைக்கைக் கழற்றச் சொல்கிறார்களாம். மணிவேல் ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்திருப்பார், பாஸ்போர்ட் போட்டோவுக்கு யாராவது வந்தால் எடுப்பார். லேமினேட் செய்த கடிதம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் அவர் அப்பா ராசாங்கம் இறந்துபோனார். காட்டில் மக்காச்சோளம் கதிர் வாங்கி நின்ற நேரம். எழுபத்தெட்டு வயது. காலையில் காபி குடித்தவர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். நான் கடையை மூடிவிட்டு ஓடினேன்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ராசாங்கம் நல்ல மனுசர், அவருக்காக வந்தார்கள். வெற்றிச்செல்வியும் வந்தாள். மாலை போட்டாள், மணிவேலின் அம்மா குஞ்சம்மாள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு உட்கார்ந்தாள். ஆனால் அழவில்லை. அந்த ஊரில் அவளைப் போல அழுகிற ஆள் கிடையாது, அவள் குரல் எடுத்தால் கல்லும் நெகிழும் என்பார்கள். அவள் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டுமில்லை. வந்த பெண்கள் எல்லாரும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாலி வாங்குகிற நேரம் வந்தது. ஆண்கள் எழுந்தார்கள். கலியம்மாள் என்கிற கிழவி, அந்தக் காலத்தில் கேமராவைத் திருப்பச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் ஒருத்தி, மணிவேல் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"போனக் குடு."

அவர் கொடுத்தார்.

"ஒன் கூட்டாளி போனு?"

நானும் கொடுத்தேன். இரண்டையும் வாங்கி முறத்தில் வைத்து, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு, வாசலுக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் வைத்தாள். மணிவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆயா, நான் காட்டுக்கே போயிடுறேன். எங்கம்மா அழுவட்டும்" என்றார். அவள் பெண்கள் பக்கம் திரும்பி நடந்தாள்.

நானும் அவரும் தெருக்கோடியைத் தாண்டி, மேளத்தையும் தாண்டி, மக்காச்சோளக் காட்டு வரப்பில் போய் நின்றோம். வீடு அங்கிருந்து தெரியாது. மேளம் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு மேளத்தின் தோலை நெருப்பில் காய்ச்சுவதற்காக நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் எப்போதும் பெண்களின் அழுகை அங்கே வரைக்கும் வரும், வார்த்தை புரியாது, குரல் மட்டும் வரும். மணிவேல் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. காய்ந்த தோகை உரசுகிற சத்தம்தான். பிறகு மெல்ல, கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. அதற்குப் பிறகும் குரல் வரவில்லை.

"எங்கம்மாவக்கூட அழுவ வுடல தம்பி நான்" என்றார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அந்த ஊரிலிருந்து அழுகைச் சத்தமே இல்லாமல் சுடுகாடு போன முதல் ஆள் ராசாங்கம்தான்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து மணிவேல் வீட்டுக்குப் போனேன். வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறையிலிருந்து எடுத்த சின்ன வெங்காயத்தைக் குஞ்சம்மாள் வாசலில் கொட்டி, தாளை அரிந்துகொண்டிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது. மணிவேல் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடம் விட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அரிந்தோம்.

பிறகு அவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "அம்மா. அன்னிக்கு அப்பாகிட்ட சொல்றதுக்கு எதுனா வெச்சிருந்தியா?"

குஞ்சம்மாளின் கை அரிவாள்மனையில் நின்றது. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகன் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார்.

மணிவேல் போனை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காத்திருந்தார். குஞ்சம்மாள் அடுத்த வெங்காயத்தை எடுத்து அரிய ஆரம்பித்தார். குவியல் முழுவதும் முடிகிற வரைக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்த 'இருந்துச்சு'க்கு மேல் குஞ்சம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.